மாப்பிள்ளை போட்டுக் காட்டிய பாட்டு

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைக் கூப்பிட வருகிற மாப்பிள்ளை, மாமனார் வீட்டில் கை நனைத்துவிட்டால் பெண்ணை அனுப்பியாக வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் முறை. அவன் தன் பங்காளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவான். இலை போடுவோம். சோற்றில் கை வைத்து ஒரு வாய் தின்றுவிட்டான் என்றால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் பெண்ணைப் பெற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. இலையில் உட்கார்ந்தவன் தின்னாமல் எழுந்துவிட்டாலும் பேச்சு முடிந்ததுதான். அவன் வீட்டு ஆள் ஒருத்தரும் மறுபடி கூப்பிட வர முடியாது.

சோறு போடமாட்டேன் என்று நான் சொல்ல முடியாது. வாசலுக்கு வந்தவன் எதிரியாக இருந்தாலும் இலை போட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே வேலைதான் இருந்தது. பாண்டியராஜன் தின்னாமல் எழுந்து போக வேண்டும். அவனாகவே எழுந்து போக வேண்டும்.

என் மகள் தமிழ்ச்செல்வி பங்குனியில் வந்தவள். இப்போது ஆவணி. ஏன் வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத்தான் கெட்டவன் என்பீர்கள். பாண்டியராஜன் சமயநல்லூரில் ஒரு மில்லில் நல்ல வேலையில் இருந்தான். அதை விட்டான். வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவர் பூராவும் முட்டை அட்டையை ஒட்டி, கம்ப்யூட்டரும் கீபோர்டுமாக உட்கார்ந்துவிட்டான். பழைய வீடியோ கேமில் வருகிற பாட்டை எடுத்து, அதன் மேல் சிந்த் என்று ஏதோ ஒரு சத்தத்தை ஏற்றிப் புதுசாக்குகிறானாம். ரீமிக்ஸ். அதைக் கேட்க உலகம் பூராவும் ஆள் இருக்கிறதாம். இருக்கட்டும். என் மகளுக்கு ஐந்தாம் மாதம். குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கத்தினாள். அடுத்த அறையில்தான் அவன் இருந்தான், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு. தரையில் கிடந்தபடியே அவனுக்குப் போன் போட்டாள். அது அவன் மேசையில் எரிந்து எரிந்து அணைந்தது. எதிர்வீட்டு ரெங்கம்மாள்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். பிள்ளை தங்கவில்லை. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த ஹெட்போன் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இப்பேர்ப்பட்டவனை என் மகளே போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம வாராகப்பா. கூட சங்கிலி சித்தப்பாவும் வாராக."

"எதுக்கு வாரான்?"

"சாப்பிட."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. "கறி எடுத்துட்டு வந்துருங்கப்பா, வெள்ளாட்டங்கறியா பாத்து" என்றாள். எடுத்துவந்தேன். அவள் அம்மா இருந்திருந்தால் இவளைப் பிடித்து நிறுத்தியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். திருநகர் வீட்டில் நானும் இவளும்தான்.

பதினோரு மணிக்கெல்லாம் வண்டி வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த சங்கிலி இறங்குவதற்கு முன்பே மூக்கை உயர்த்தி அடுப்படிப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. வாய் மட்டும் ஊருக்குப் பொது.

"என்ன சம்பந்தி, எளைச்சுப் போயிட்டீக? மக கைச் சாப்பாடுன்னு கேள்விப்பட்டேன், ஒடம்புல ஒண்ணையுங் காணோமே."

"நீங்க வாரீகன்னு சொன்னாக. அதுலயே பாதி எளைச்சுட்டேன்."

"மீதிப் பாதிய நாங்க போனப்பறம் எளைக்கலாம். மொதல்ல சோத்தப் போடுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பாண்டியராஜன் பழமும் பூவும் வாங்கி வந்திருந்தான். அதைக் கூடத்தில் வைத்தான். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அவளுடைய பை துணிமணி அடைத்துத் தயாராக உள்ளறைக் கதவோரம் இருந்ததை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். அவன் அவளைப் பார்த்து, "நல்லாருக்கியா தமிழு?" என்றான். "ம்" என்றாள். அந்த 'ம்'மிலேயே அவள் பாதி தூரம் போய்விட்டாள். எனக்கு நேரம் இல்லை என்று தெரிந்தது.

அவன் பையிலிருந்து மிக்ஸி ஜார் மாதிரி ஒரு கறுப்பு ஸ்பீக்கரை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"மாமா, ஒங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்கேன். ஒங்க கடைப் பாட்டு."

நான் ஆரப்பாளையத்தில் அப்துல் அலீம் பாயின் லாட்ஜுக்குக் கீழே வீடியோ கேம் கடை வைத்திருந்தவன். வரிசையாக டிவி, ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி, முன்னால் ஸ்டூல். பையன்கள் மணிக் கணக்கில் வாடகை கொடுத்து ஆடுவார்கள். கேசட்டில் நூறு ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே நாலுதான் இருக்கும், அந்த நாலே திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று கோட்டை ஆட்டம். ஒருவன் கையில் தீவட்டியோடு கோட்டைக்குள் இறங்கிப் போவான். அந்த ஆட்டத்துக்குத்தான் கூட்டம். பாண்டியராஜன் அந்தக் கடையில் ஆட வந்தவன். என் மகள் எனக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். அப்படித்தான் இந்த வினை என் வீட்டுக்குள் வந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் நெட்டுல போடுறோம் மாமா. வெளிநாட்டுல ஒரு குரூப்பு, பழைய கேம் பாட்டா எடுத்துத் தொகுக்குறாங்க. அதுல என்னுதும் ஒண்ணு. கேட்டவன் எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்றான். நான் நம்பல. அந்தப் பாட்டக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வருசக் கணக்கா கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க கேட்டுட்டு உள்ளதச் சொல்லுங்க."

கத்தியைக் கொண்டுவந்து, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டுகிறான். வேண்டாம் என்பேனா?

உண்மையைச் சொன்னால் நான் கடையில் பாட்டையா கேட்டேன். பையன்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசந்தால் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான்கள். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. "போடுங்க மாப்ள" என்றேன்.

போட்டான். முதலில் ஏசி ரூமுக்குள் நுழைந்த மாதிரி ஓர் இரைச்சல். அது வளர்ந்துகொண்டே வந்தது. அப்புறம் அடியில் தும் தும் என்று ஒரு அடி. அதற்கு மேல் கோட்டைப் பாட்டு வந்தது. கடையில் அது தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிக் கேட்கும். இதில் பஞ்சில் சுற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, கோரஸ் பாடுகிற மாதிரி ஏதோ சேர்ந்துகொண்டது, கடைசியில் இழுத்து இழுத்து மெல்ல அடங்கியது. நடுவில் ஓர் இடத்தில் எல்லாச் சத்தமும் நின்று அந்த மெட்டு மட்டும் தனியாக வந்தது. அந்த இடத்தில் என் கை மயிர் கொஞ்சம் நின்றது. அது என் சொந்த விஷயம்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"சொல்லுங்க மாமா."

"பொணத்துக்குப் பவுடர் அடிச்ச மாதிரி இருக்கு மாப்ள."

சங்கிலி குபீரென்று சிரித்துவிட்டார். "சம்பந்தி வாய்க்கு எண்ணெயே வேணாம், அப்படியே வறுக்குது."

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்து வேட்டியை உதறியிருப்பான். இவன் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான்.

"எந்த எடத்துல மாமா? ஆரம்பத்துலயா, தும் தும்னு பேஸ் வந்தப்பறமா?"

"எல்லா எடத்துலயுந்தான். அந்தப் பாட்டு என்னைக்கு முடிஞ்சிருக்கு? கடையில அது முடிஞ்சு பாத்திருக்கியளா? சுத்திச் சுத்தி வரும். நேரம் முடிஞ்சா நான் பிளக்கப் புடுங்குவேன், செத்துப் போகும். நீங்க என்னமோ தேரு நெலைக்கு வந்த மாதிரி இழுத்து இழுத்து நிப்பாட்டுறிய. யாரு கேட்டா?"

"ஆமா மாமா, லூப்தான் அது." தலையை ஆட்டிக்கொண்டான். கோபம் வரவில்லை. "அப்பறம்?"

"அப்பறமா? அது ஆடுறவனுக்குப் போட்ட பாட்டு. அவன் கண்ணு டிவியில இருக்கும், கையி ஜாய்ஸ்டிக்குல இருக்கும், காது மட்டும் சும்மா கெடக்கும். அந்தச் சும்மா கெடக்குற காதுக்குப் போட்டது. ஒங்களுது அப்படியா இருக்கு? என்னையப் பாரு, என்னையப் பாருங்குது. பொண்ணு மாப்ளைய ஓரங்கட்டிட்டுப் போட்டாக்காரன் மணவறையில ஏறி உக்காந்த மாதிரி."

இதைச் சொன்னபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. சங்கிலி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "டேய் பாண்டி, இவரையே கூட்டிட்டுப் போயி வெளிநாட்டுக்காரன்ட்ட பேசச் சொல்லுடா. நாட்ட எழுதிக் குடுத்துட்டு ஓடிருவான்."

பாண்டியராஜனின் முகம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. அவ்வளவுதான். எழவில்லை. மகள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவன் கையில் கொடுக்கும்போது அவள் விரல் அவன் விரல் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. நான் பார்க்க வேண்டும் என்றே இருந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போதுதான் புத்தியில் ஏறியது. நான் அடிக்க அடிக்க இவள் அவன் பக்கம் சாய்கிறாள். அடி பட்ட நாயை வீட்டுக்குள் கூப்பிடுகிற பிள்ளை இவள், சின்ன வயசிலிருந்தே.

ஆகவே ஒரே போடாகப் போட்டேன்.

"இந்தப் பாட்டப் போட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் எம்மக கீழ விழுந்து கத்துனாளா மாப்ள?"

சங்கிலியின் சிரிப்பு நின்றது. இதற்கு மேல் ஓர் ஆண்பிள்ளை என் வீட்டில் உட்கார முடியாது என்று நினைத்தேன்.

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"இல்ல மாமா. அது வேற பாட்டு. அத அழிச்சுட்டேன்."

என்ன சொல்வது இவனை. பொய் சொல்லக்கூடத் துப்பில்லை. நான் மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை.

"அதப் பத்தி நானும் அவுகளும் பேசி முடிச்சாச்சுப்பா. நீங்க இனிமே அதத் தொடாதீக." அவனைப் பார்த்து, "கை கழுவிட்டு வாங்க. சித்தப்பா, நீங்களும் வாங்க" என்றாள்.

"அப்பாடா" என்றார் சங்கிலி. "கருத்துச் சொல்றவன்ட்டருந்து சோறு போடுறவ வந்து காப்பாத்துனா."

இலை போட்டாகிவிட்டது. இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் பந்தியில் உட்காரக் கூடாது, எதிரே இருந்து பார்க்க வேண்டும். மகள் இலையில் தண்ணீர் தெளித்தாள், பொரியல் வைத்தாள், கறியை வைத்தாள், சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். சங்கிலி பிசையவே ஆரம்பித்துவிட்டார். பாண்டியராஜன் குழம்பு ஊற்றிய இடத்தில் சோற்றைக் குழித்தான். விரல் நுனியில்தான் சோறு பட்டிருந்தது. இனி உருட்ட வேண்டும், வாயில் வைக்க வேண்டும். என் மகள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. என்ன சொல்கிறேன் என்று யோசித்துக்கூடச் சொல்லவில்லை. சும்மா இருக்க முடியாமல் சொன்னது.

"எல்லாஞ் சரி மாப்ள. ஆனா அது நம்ம கடைப் பாட்டே இல்ல. நம்மது நடக்கும். ஒங்களுது ஓடுது."

அவன் கை நின்றது.

"என்ன மாமா சொன்னீக?"

"ஓடுதுன்னேன்."

"ஓடுதா?"

இடது கையால் தரையில் தட்டினான். மெதுவாகத் தட்டினான், அப்புறம் வேகமாகத் தட்டினான், மறுபடி மெதுவாக. உதடு அசைந்தது. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கல்யாணத்தன்று கூட அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"அய்யோ மாமா! ஆமா! நம்ம பெட்டியெல்லாம் நம்ம ஊரு டிவிக்குன்னு செஞ்சது. ஜப்பான் டிவியோட வேகம் வேற. அங்க உள்ள ஆட்டத்த நம்ம பெட்டியில போட்டா மெதுவாத்தான் போகும், பாட்டுஞ் சேந்து மெதுவாத்தான் போகும். நான் நெட்டுல இருந்து ஜப்பான் பாட்ட எடுத்து, அதுக்குத் தாளத்தக் கட்டிட்டேன். ஆரப்பாளையத்துல கேட்டது அது இல்ல. அதான் என்னமோ இடிக்குது இடிக்குதுன்னு இம்புட்டு நாளா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தேன்!"

"சரிடா, நல்லது" என்றார் சங்கிலி, வாய் நிறையச் சோறோடு. "நாளைக்குப் போயி நடக்க விடு, தவழ விடு. இப்பத் தின்னு."

"சாயங்காலம் போட்டுருவாங்க சித்தப்பா. தப்பாப் போயிரும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நேரம் நான் பூட்டைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. வைதால் போகமாட்டான் இவன். சரியாகச் சொன்னால் போவான்.

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். இதமாகத்தான் சொன்னேன்.

"விடுங்க மாப்ள. தப்பாவே போகட்டும். வெளிநாட்டுக்காரனுக்கு ஆரப்பாளையத்தப் பத்தி என்ன தெரியும்? காலத்துக்கும் அது தப்பாவே கெடக்கும், ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். நீங்க சாப்பிடுங்க."

எழுந்துவிட்டான்.

"ஏலே! எலையில இருந்து எந்திரிக்காதடா கூறுகெட்டவனே!" சங்கிலி கத்திய கத்தலில் சோறு தெறித்தது.

"ஒரு மணி நேரம் சித்தப்பா. போயி மாத்திட்டு ஓடியாந்துர்றேன். எலைய எடுத்துறாதீக."

மகள் கையில் கறிக்கரண்டியோடு நின்றாள். "ஏங்க" என்றாள். "ஒரு வாய் வச்சுட்டுப் போங்க."

"வந்துர்றேன் தமிழு. இப்பக் காதுல இருக்கு. விட்டா போயிரும்."

"ஒரே ஒரு வாய்ங்க."

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரை எடுத்துப் பைக்குள் திணித்தான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தாளத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டான். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது, தெரு முக்கில் திரும்பிய சத்தமும் கேட்டது.

சங்கிலி இலையைப் பார்த்தார். அவர் பாதி தின்றிருந்தார். வந்தவன் எழுந்த பிறகு கூட வந்தவர் தின்ன முடியாது. விரலில் இருந்த சோற்றை இலையிலேயே உதறினார். அந்த மனுஷனுக்கு அதுதான் பெரிய தண்டனை. கை கழுவிவிட்டு வந்து என் மகள் முன்னால் நின்றார்.

"தாயி, அவன் ஒரு கிறுக்கன். மனசுல ஒண்ணுங் கெடையாது. இந்தா வந்துருவான்."

"வரட்டும் சித்தப்பா."

"நான் இருந்து பேசிட்டு…"

"நீங்க கெளம்புங்க சித்தப்பா. பஸ்ஸு இருக்கும்."

வந்தது அவன் வண்டியில். திரும்பிப் போக வண்டி இல்லை. ஆவணி வெயில், நடு மத்தியானம். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

மகள் இலை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா. நெசமாவே ஓடுச்சா?"

"எது?"

"அந்தப் பாட்டு."

"எனக்கென்ன தெரியும்? வாயில வந்ததச் சொன்னேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க சொல்லிருக்கலாம்ப்பா, தின்னுட்டுப் போங்கன்னு."

"சொன்னேனே. நானும் சொன்னேன், ஒஞ் சித்தப்பனும் சொன்னாரு. நீயும்தான் சொன்ன. ரெண்டு தடவ சொன்ன. கேட்டானா?"

இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சொல்ல வேண்டியதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். இன்றைக்கு நான் சொல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரி சொல்லும்.

அவள் இலையை அப்படியே சுழற்றி என் பக்கம் நகர்த்தினாள். அவன் குழித்த குழியில் குழம்பு நின்றிருந்தது.

"சாப்பிடுங்க. நீங்க சம்பாரிச்சதுதான்."

நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெள்ளாட்டங்கறி, நன்றாக வெந்திருந்தது. அவள் கடைசி வரை பக்கத்தில் இருந்து பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டேன், வைத்தாள். அவள் தின்னவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் என்று போனவன். கேட்டைத் திறக்கக்கூடப் பொறுக்காமல் தெருவில் நின்றே கத்தினான்.

"மாமா! மாமா! இப்பக் கேளுங்க மாமா! நடக்குது!"

மகள் எழுந்து வாசலுக்குப் போனாள். நான் பின்னால் போய் நின்றேன். அவன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு வந்தது. இழுத்து முடிகிற முடிவை எடுத்துவிட்டிருந்தான், சுற்றிச் சுற்றி வந்தது. மெதுவாக, தீவட்டியோடு ஒருவன் படி இறங்குகிற மாதிரி வந்தது. அவன் அவள் தோளுக்கு மேலே என் முகத்தைத் தேடினான்.

அவள் ஒரு சுற்று முழுதும் கேட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒழுங்காகக் கேட்டாள்.

"இப்ப நல்லாருக்கு" என்றாள். "போங்க."

முதல் சொல்லுக்கு அவன் முகம் மலர்ந்தது. அடுத்த சொல் அவன் காதில் ஏறுவதற்குள் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.